எழுதியவர்க்கு உரிமை கேட்ட சட்டத்தரணி
சேர் தோமஸ் நூன் டால்ஃபோர்ட் (1795 – 1854)



இந்நாட்டுப் பாடசாலைகளில் ஆங்கிலம் பயிலும் எம் பிள்ளைகள் சார்ள்ஸ் டிக்கன்ஸ் என்னும் பெயரை நன்கறிவர். நத்தார்க் காலம் நெருங்கியதும் அவருடைய ‘கிறிஸ்மஸ் கரோல்’ கதையை வகுப்பில் படித்தோ மேடையில் நடித்தோ மகிழாத பிள்ளை அரிது. அந்த டிக்கன்ஸின் முதல் நாவலாகிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ 1837ஆம் ஆண்டு நூலுருப் பெற்றபோது, அதன் முன்பக்கத்தில் அது ஒருவருக்குக் காணிக்கையாக்கப்பட்டிருந்தது. அவர் பிரபு குலத்தவர் அல்லர், பெருஞ்செல்வரும் அல்லர். நூலாசிரியரின் உரிமைக்காக அவ்வாண்டு பாராளுமன்றத்தில் எழுந்து வாதாடிய ஒரு சட்டத்தரணி. தோமஸ் நூன் டால்ஃபோர்ட் என்பது அவர் பெயர். அக்கால இலண்டனில் எழுத்துலகத்தாரும் நீதிமன்றத்தாரும் ஒருங்கே போற்றிய அப்பெரியாரின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் எழுத விழைந்தோம்.

இலண்டனுக்கு மேற்கேயுள்ள ரெடிங் நகரில் 1795ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் டால்ஃபோர்ட் பிறந்தார். தந்தையார் பியர் வடிசாலை நடத்தியவர். தாய்வழிப் பாட்டனார் ஒரு சமயப் போதகர். அவருடைய பெயரே பேரனுக்கும் இடப்பட்டது. ரெடிங் பாடசாலையில் வல்பி என்னும் புகழ்மிக்க தலைமையாசிரியரிடம் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களைக் கற்றார். பல்கலைக்கழகம் சென்றாரல்லர். பதினெட்டு வயதில் இலண்டன் சேர்ந்து, ஜோசப் சிற்றி என்னும் சட்ட அறிஞரிடம் தொழில் பழகினார். வழக்குரைகளைப் பிழையின்றி வரைந்து கொடுப்பதே அவ்வறிஞரின் தொழில். அந்நாளில் வழக்குரையில் ஒரு சொல் பிசகினாலும், நியாயம் எவர் பக்கம் இருப்பினும், வழக்குத் தோற்றுப் போகும். சட்டம் என்பது சொல்லினாற் கட்டிய வீடு என்பதை அவர் இளமையிலேயே அறிந்துகொண்டார் எனலாம்.

1821இல் ‘மிடில் டெம்பிள்’ என்னும் சட்டத்தரணிகள் கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. பெயரைக் கேட்டு அதனைக் கோயில் என்று பிள்ளைகள் எண்ணற்க. எம் பாட்டன்மார் அப்புக்காத்து என்றும் பிறக்கிராசி என்றும் சட்டத்தரணிகளை இருவகையாகப் பிரித்துச் சொல்வார்களல்லவா? மன்றில் எழுந்து வாதாடும் அப்புக்காத்து வகையினரை உருவாக்கும் கழகங்களுள் அதுவும் ஒன்று. ஆண்டுதோறும் நீதிபதிகள் மாவட்டம் மாவட்டமாகச் சென்று வழக்குக் கேட்பர். சட்டத்தரணிகளும் அவர் பின்னே செல்வர். அவ்வாறு ஒக்ஸ்ஃபோர்ட் வட்டாரத்தில் டால்ஃபோர்ட் பல ஆண்டுகள் அலைந்தார். வருவாய் போதாமையால் அவ்வழக்குகளைப் பற்றி ‘டைம்ஸ்’ நாளிதழுக்குச் செய்தியும் எழுதினார். 1822இல் ரேச்சல் ரட் என்னும் நங்கையை மணந்தார். 1833இல் ‘சார்ஜன்ட்’ என்னும் பட்டம் கிடைத்தது. இது பொலிஸ் சார்ஜன்ட் அன்று. சட்டத்தரணிகளுக்கு அந்நாளில் வழங்கப்பட்ட பழம்பெரும் உயர்நிலை. 1835இல் பிறந்த ஊராகிய ரெடிங்கின் மக்களே அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர்.

பகலில் சட்டமும் இரவில் இலக்கியமுமாக வாழ்ந்தவர் அவர். ‘அயன்’ என்னும் அவருடைய துன்பியல் நாடகம் 1836ஆம் ஆண்டு, அவருடைய பிறந்த நாளன்றே, கொவென்ற் கார்டன் அரங்கில் மேடையேறிப் பெரும் வெற்றி பெற்றது. அன்றிரவு அவர் இல்லத்தில் நடந்த விருந்தில் முதுபெருங் கவிஞர் வேர்ட்ஸ்வர்த்தும் இளங்கவிஞர் பிரௌணிங்கும் ஒன்றாக அமர்ந்திருந்தனர். அந்நாடகத்தை இன்று படிப்போர் மிகச் சிலரே. அதற்காக யாம் வருந்தவில்லை. அவர் பெயர் நிற்பது வேறு பணிகளால்.

அவருடைய நட்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கட்டுரையாளர் சார்ள்ஸ் லாம் அவருடைய உற்ற நண்பர். லாமின் தமக்கை மேரி, 1796ஆம் ஆண்டு, மனநோயின் வேகத்தில் தம் தாயைக் கத்தியாற் குத்திக் கொன்றுவிட்டார். தம்பி அத்தமக்கையைக் கைவிடாமல், தாம் மணம் புரியாமலே, இறுதிவரை பேணினார். 1834இல் லாம் மறைந்தார். அவருடைய கடிதங்களை 1837இல் தொகுத்து வெளியிட்ட டால்ஃபோர்ட், மேரி உயிரோடு இருந்தமையால் அத்துயர நிகழ்ச்சியைப் பற்றி ஒரு சொல்லும் வெளிவராமற் காத்தார். 1847இல் மேரியும் மறைந்த பின்னர், மறு ஆண்டு வெளிவந்த இரண்டாம் நூலிலேதான் உண்மை முழுவதையும் உலகறியச் செய்தார். அந்நூலைப் படித்த பின்னரே தம்பியின் தியாகம் எத்தகையது என்பதைப் பலர் உணர்ந்தனர். எதனை வெளியிடலாம் என்பது சட்டத்தின் வினா. எப்போது வெளியிடலாம் என்பது பண்பின் வினா. இரண்டையும் அவர் அறிந்திருந்தார்.

இனி அவருடைய பெரும் பணிக்கு வருவோம்.

ஒருவர் நிலம் வாங்கினால் அது அவருக்கும் பின் பிள்ளைக்கும் பேரனுக்கும் உரியது. ஒருவர் நூல் எழுதினால்? இங்கிலாந்தில் 1710ஆம் ஆண்டு அரசி ஆன் காலத்துச் சட்டம், புதிய நூலுக்குப் பதினான்கு ஆண்டு உரிமையும், ஆசிரியர் உயிரோடு இருந்தால் மேலும் பதினான்கு ஆண்டும் வழங்கியது. 1814இல் அது திருத்தப்பட்டு, நூல் வெளிவந்த நாளிலிருந்து இருபத்தெட்டு ஆண்டுகள், அதன் பின்னும் ஆசிரியர் உயிரோடிருந்தால் அவருடைய வாழ்நாள் முடியும்வரை என்றாயிற்று. இருபத்தெட்டு ஆண்டு நீண்ட காலம்தானே என்று தோன்றும். ஆனால் வேர்ட்ஸ்வர்த்தின் நிலையைப் பாருங்கள். இளமையில் அவர் எழுதிய கவிதைகளை ஏளனம் செய்தவர்களே பலர், வாங்கியோர் சிலர். அவர் முதுமையடைந்த பின்னரே நாடு அவரைக் கொண்டாடத் தொடங்கியது. அந்நேரத்தில் அவர் கண்மூடினால், இருபத்தெட்டு ஆண்டு கடந்த கவிதைகள் யாவும் அன்றே எவரும் அச்சிட்டு விற்கக்கூடிய பொருளாகிவிடும். மனைவி மக்களுக்கு அவற்றால் ஒரு பென்சும் கிடையாது. சேர் வால்ரர் ஸ்கொட்டின் கதை இன்னும் துயரமானது. 1826இல் அவர் தொடர்புடைய பதிப்பகமும் அச்சகமும் முறிந்தபோது, ஒரு இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட கடனைத் தாமே எழுதித் தீர்ப்பதாக ஏற்று, உடல் நொந்து 1832இல் இறந்தார். 1814இல் வெளிவந்த அவருடைய ‘வேவர்லி’ நாவலின் உரிமை 1842இல் முடிவடைய இருந்தது.

இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி, 1837ஆம் ஆண்டு மே மாதத்தில் டால்ஃபோர்ட் ஒரு சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். ஆசிரியரின் வாழ்நாளும், அவர் இறந்த பின் அறுபது ஆண்டுகளும் பதிப்புரிமை நிலைக்க வேண்டும் என்பதே அவர் கேட்டது. வேர்ட்ஸ்வர்த் தம் தள்ளாத வயதிலும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதி ஆதரவு திரட்டினார். கார்லைல் என்னும் பேரறிஞர் மனு அனுப்பினார். மறுபுறத்தில் மலிவு விலை நூல் விற்போரும், அச்சுத் தொழிலாளரும், புத்தகம் விலையேறும் என்று அஞ்சியோரும் எதிர்மனுக்களைக் குவித்தனர். உரிமை முடிந்த நூல்களை மலிவாக அச்சிட்டு விற்றுப் பொருளீட்டிய தோமஸ் டெக் என்பவர் அவர்களுள் முதன்மையானவர். சட்டமூலம் ஆண்டுதோறும் வந்தது. ஆண்டுதோறும் முடிவுறாமற் போயிற்று. அவரும் சளைக்கவில்லை.

1841ஆம் ஆண்டு பெப்ரவரி 5ஆம் நாள் எதிர்த்து எழுந்தவர் மெக்காலே. ஆம், 1835இல் இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்குக் கால்கோளிட்ட அதே மெக்காலேதான். இந்தியத் தண்டனைச் சட்டக்கோவையை வரைந்தவரும் அவரே. எமது இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையும் அதன் வழிவந்ததே. கல்கத்தாவிலிருந்து மீண்ட சில ஆண்டுகளில் அவர் நிகழ்த்திய அவ்வுரையின் சாரம் இது: பதிப்புரிமை என்பது எழுத்தாளனுக்குப் பரிசளிப்பதற்காக வாசகன்மீது விதிக்கப்படும் வரி, வரி தேவைதான், ஆனால் தேவைக்கு மேல் ஒரு நாளும் நீளலாகாது. பேரப்பிள்ளைகள் பயன்பெறுவர் என்பதும் வெறுங்கனவு. மகாகவி மில்ரனின் பேர்த்தி வறுமையில் வாட, அவருடைய காவியத்தின் உரிமையை வைத்திருந்த புத்தக வியாபாரியே செழித்தார். அதனினும் கொடியது ஒன்றுண்டு. பாட்டன் எழுதியதை வெறுக்கும் பேரன் ஒருவன் உரிமையாளனாக வாய்த்தால், அந்நூல் மீண்டும் அச்சேறாமலே அழிந்துபோகும்.

வாக்கெடுப்பில் ஆதரவு 38, எதிர்ப்பு 45. ஏழு வாக்குகளால் டால்ஃபோர்ட் தோற்றார். அவ்வாண்டின் தேர்தலோடு அவருடைய பாராளுமன்ற இடமும் போயிற்று. 1842இல் மகோன் பிரபு அச்சட்டமூலத்தை மீண்டும் எடுத்தபோது, அதைத் திருத்தி உருக்கொடுத்தவர்களுள் மெக்காலேயும் ஒருவர். ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் ஏழு ஆண்டுகளும், அல்லது வெளிவந்த நாளிலிருந்து நாற்பத்திரண்டு ஆண்டுகள், இவற்றுள் எது நீண்டதோ அது என்று சட்டம் நிறைவேறியது. நிறைவேறியபோது அதற்காக ஐந்து ஆண்டுகள் வாதாடியவர் சபையில் இல்லை. மெக்காலே பின்னாளில் எழுதிய இங்கிலாந்து வரலாற்றுக்காக 1856இல் அவருடைய பதிப்பகத்தார் இருபதினாயிரம் பவுண் காசோலை கொடுத்தனர் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம்.

இருவருள் எவர் கூறியது சரி? யாம் ஆசிரியத் தொழில் புரிந்தவர் ஆதலின் எம் உள்ளம் டால்ஃபோர்டின் பக்கம் சாய்கிறது. எழுத்தினால் வாழ முயன்று நொந்தவர்களை எம்மூரிலும் கண்டிருக்கிறோம். ஆயினும் மெக்காலே சொன்ன ஒன்றைத் தள்ளிவிட எம்மால் இயலவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அதன்பின் ஒரு பழைய நூலை மீண்டும் அச்சிடவோ கணினியிற் சேமிக்கவோ விரும்பும் ஒருவர் உரிமையாளரிடம் அனுமதி பெற வேண்டும். ஆசிரியர் இல்லை, ஒரு பிள்ளை கனடாவில், ஒரு பிள்ளை ஜேர்மனியில், மற்றவர் முகவரி தெரியவில்லை. தேடித் திரியும் ஆண்டுகளில் எஞ்சிய ஒரு பிரதியையும் கறையான் அரித்துவிடும். பேரனின் வெறுப்பால் மட்டுமன்று, பேரனைக் காணாமையாலும் நூல் அழியும் என்பதை மெக்காலே எண்ணியிருக்க மாட்டார்.

சட்டம் வந்துவிட்டதனால் உரிமை கைக்கு வந்துவிடுமா? இதற்கு விடை ‘கிறிஸ்மஸ் கரோல்’ வழக்கில் இருக்கிறது. அக்கதை 1843 டிசம்பரில் ஐந்து சிலிங் விலையில் வெளிவந்தது. சில நாட்களுக்குள்ளேயே ஒரு மலிவு வார வெளியீட்டார், அதனைச் சிறிதே மாற்றி எழுதித் தமது கதைபோல் இரண்டு பென்ஸ் விலையில் விற்கத் தொடங்கினர். டிக்கன்ஸ் வழக்குத் தொடுத்தார். அவருக்காகத் தோன்றிய சட்டத்தரணி டால்ஃபோர்ட்டே. 1844 ஜனவரியில் வழக்கு வந்தபோது, களவு அவ்வளவு வெளிப்படையாக இருந்தமையால், நீதிபதி டால்ஃபோர்ட்டின் வாதத்தையும் கேளாமலே தீர்ப்பு வழங்கிவிட்டார். முழு வெற்றி! ஆனால் திருடியவர்கள் வங்குரோத்து அடைந்துவிட்டதாகக் கூறி ஒதுங்கினர். வென்ற டிக்கன்ஸுக்கு வழக்குச் செலவாக ஏறத்தாழ எழுநூறு பவுண் நட்டம். இரண்டு ஆண்டின்பின் வேறொருவர் அவருடைய எழுத்தைத் திருடியபோது, பெரிய அநியாயத்தைப் பொறுத்துக்கொள்வது நீதிமன்றம் போவதிலும் நலம் என்று அவர் வாளாவிருந்துவிட்டார். நீதிமன்றத் தாமதத்தையும் செலவையும் சாடும் ‘பிளீக் ஹவுஸ்’ என்னும் பெருநாவல் பின்னாளில் அவர் கையிலிருந்து பிறந்தது. எம்மவருள் வழக்காடி நொந்தவர்கள் அதனைப் படித்தல் நன்று.

பதிப்புரிமையைப் பற்றிப் பேசிய அதே ஆண்டில் டால்ஃபோர்ட் இன்னொரு சட்டமூலத்தையும் கொண்டுவந்தார். எம் எண்ணத்தில் அதுவே அவருடைய மேலான செயல். அந்நாளில் இங்கிலாந்துச் சட்டப்படி பிள்ளைகள் தந்தைக்கே உரியவர்கள். தாய்க்கு அவர்கள்மீது எவ்வுரிமையும் இல்லை. 1804ஆம் ஆண்டு, பால்குடி மாறாத எட்டு மாதக் குழந்தையைத் தந்தை பறித்துச் சென்ற வழக்கிலும் நீதிமன்றம் தந்தையின் பக்கமே நின்றது. ஆயினும் 1817இல் கவிஞர் ஷெல்லி, கடவுள் மறுப்புக் கொள்கை முதலிய காரணங்களால், தம் இரு பிள்ளைகளை இழந்தார்.   கரலைன் நோட்டன் என்னும் எழுத்தாளர் கணவனால் மூன்று ஆண்குழந்தைகளையும் இழந்து தவித்தவர். அவர் துண்டுப்பிரசுரங்கள் எழுதினார். டால்ஃபோர்ட் சபையிற் பேசினார். 1838இல் மக்கள் சபை ஏற்றதைப் பிரபுக்கள் சபை தள்ளியது. 1839இல் சட்டமாயிற்று. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் தரவும், மூத்த பிள்ளைகளைச் சென்று பார்க்கவும் தாய் நீதிமன்றத்தை வேண்டலாம் என்னும் நிலை இங்கிலாந்தில் முதன்முதலாக ஏற்பட்டது. ஆயினும் அச்சட்டம் ஸ்கொத்லாந்தில் செல்லாது. நோட்டனின் கணவர் பிள்ளைகளை அங்கே வைத்துக்கொண்டார். கடைக்குட்டி 1842இல் குதிரையிலிருந்து வீழ்ந்து இறந்தான். எல்லைக்கோடு ஒன்றினால் தாயும் பிள்ளையும் பிரிக்கப்படுவது எத்தகையது என்பதை எம் மக்களுக்கு யாம் விளக்க வேண்டியதில்லை.

1841இல் அவர் வாதாடிய மற்றொரு வழக்கும் குறிப்பிடத்தக்கது. ஷெல்லியின் ‘குவீன் மாப்’ என்னும் கவிதையை முழுமையாக வெளியிட்டதற்காக மொக்ஸன் என்னும் பதிப்பாளர்மீது தெய்வநிந்தனைக் குற்றம் சுமத்தப்பட்டது. வழக்கைத் தூண்டியவர் ஹெதரிங்ரன் என்னும் ஏழை மக்களின் பதிப்பாளர். அத்தகைய குற்றத்துக்காக அவரே முன்னர் தண்டனை பெற்றவர். மலிவுத்தாளில் அச்சிட்டால் குற்றம், பட்டு அட்டையில் அச்சிட்டால் இலக்கியமா என்று உலகுக்குக் காட்டவே அவர் அவ்வாறு செய்தார். டால்ஃபோர்ட் தம் நண்பராகிய மொக்ஸனுக்காக மிக அழகாக வாதாடினார். இருந்தும் யூரர்கள் குற்றவாளி என்றே கூறினர். ஆனால் தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை. ஹெதரிங்ரன் கேட்ட கேள்வி நியாயமானது என்பதே எம் கருத்து.

பதிப்புரிமைச் சட்டத்தின் பிற்கால வரலாறு வியப்புக்குரியது. 1911இல் பிரித்தானியா அதனை ஆசிரியர் இறந்தபின் ஐம்பது ஆண்டுகள் என்று நீட்டியது. 1996 முதல் எழுபது ஆண்டுகள். இலங்கையிலும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுபது. இந்தியாவில், தாகூரின் நூல்களுக்குரிய காலம் முடிந்த வேளையில், 1992இல் அறுபது ஆண்டுகளாக்கப்பட்டது. டால்ஃபோர்ட் கேட்டதும் அதே அறுபதுதான்! எம் மகாகவி பாரதியாரின் வழி வேறானது. 1921இல் அவர் மறைந்தபின் பாடல்களின் உரிமை கைமாறிக் கைமாறிச் சென்றது. பாரதியைப் பாட எவரிடமும் அனுமதி கேட்க வேண்டுமோ என்று மக்கள் குரல் எழுப்ப, 1949இல் சென்னை அரசு அவ்வுரிமையைப் பெற முன்வந்தது. பாடல்கள் நாட்டுக்குப் பொதுவாயின. எம் கலைவிழா மேடையில் பிள்ளைகள் அவற்றைப் பாடுவதற்கு எவரும் தடை சொல்ல முடியாது.

1847இல் டால்ஃபோர்ட் மீண்டும் பாராளுமன்றம் சென்றார். 1849இல் நீதிபதியாக நியமனம் பெற்றுச் சேர் பட்டமும் அடைந்தார். டிக்கன்ஸின் ‘டேவிட் கொப்பர்ஃபீல்ட்’ நாவலில் வரும் ட்ரடில்ஸ் என்னும் நல்லுள்ளம் படைத்த சட்டத்தரணிக்கு அவரே முன்மாதிரி என்பர். 1854ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் ஸ்ரஃபோர்ட் நகர நீதிமன்றத்தில் அவர் அமர்ந்திருந்தார். அன்று விசாரணைக்குக் காத்திருந்த கைதிகள் நூற்றுக்கு மேற்பட்டோர். குற்றங்கள் பெருகுவதற்குக் காரணம் வறியோருக்கும் செல்வருக்கும் இடையே, வேலை கொடுப்போருக்கும் வேலை செய்வோருக்கும் இடையே, பரிவு அற்றுப்போனமையே என்று யூரர்களுக்கு எடுத்துரைத்துக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே தலை சாய்ந்தது. நீதி ஆசனத்திலேயே உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. தென் இலண்டனில் வெஸ்ற் நோர்வுட் மயானத்தில் அவரை அடக்கம் செய்தனர்.